தினசரிப் பழக்கத்தால் தன்மதிப்பு வளருமா? கண்ணாடி முன் நின்று சொல்வது எனக்குச் சரிப்படவில்லை

கயல்_மன்னை | ஞாயிறு, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயது முப்பத்திநாலு. எம்.காம். படித்துவிட்டு மன்னார்குடியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். கணவர் திருப்பூரில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். வீட்டில் நான், மாமியார், மூன்றாவது படிக்கும் மகள். கொடுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அலுவலகம் போக மாதக் கணக்கில் ஆட்டோ. கடைத்தெருவுக்குப் போகக் கொழுந்தனாரின் வண்டி. சம்பளம் என் கணக்கில்தான் விழுகிறது, ஏடிஎம் கார்டு மாமியார் பீரோவில் இருக்கிறது. யாரும் பிடுங்கவில்லை, கல்யாணமான புதிதில் நானே கொடுத்தது. அலுவலகத்தில் நான் சரியாகப் போட்ட கணக்கைப் பார்த்து மேலதிகாரி "இது சரிதானா?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், மூன்று தடவை கூட்டிப் பார்ப்பேன்.

யூடியூபில் சொன்னபடி காலையில் கண்ணாடி முன் நின்று "நான் வலிமையானவள், நான் மதிப்புமிக்கவள்" என்று சொல்லிப் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல் "ஆமா, கிழிச்சே" என்கிறது. நன்றி நாட்குறிப்பும் எழுதினேன். மாமியார் கண்ணில் பட்டுவிடுமோ என்று அதிலும் நல்ல பிள்ளையாகவே எழுதிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு நிஜமாகவே பலன் கொடுத்த தினசரிப் பழக்கம் ஏதாவது உண்டா? சும்மா தெம்பு தருவது வேண்டாம். கொஞ்சம் சுதந்திரமாக இருக்கிறோம் என்று உணரவைத்தது எது?

பாசிட்டிவ்_பாலா | ஞாயிறு, இரவு 11:05

நம்பிக்கையை விடாதீர்கள் சகோதரி! காலை 5 மணிக்கு எழுந்து குளிர்ந்த நீரில் குளியல், பத்து நிமிடம் தியானம், பிறகு அதே வாக்கியங்களை உரக்கச் சொல்லுங்கள். 21 நாள் விடாமல் செய்தால் மூளை தானாக மாறிவிடும். வாழ்த்துகள்!

மறுப்பாளன் | ஞாயிறு, இரவு 11:31

பாலா, அஞ்சு மணிக்கு எழச் சொல்கிறீர்கள். அந்த வீட்டில் அஞ்சு மணிக்கு இட்லி குண்டான் அடுப்பில் இருக்கும்.

2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97. ஐந்து வருடம் கழித்து, 2024-இல் எடுத்ததில் 289-ம் 88-ம். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, அதோடு ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது! இந்த நேரக் கணக்கை மாற்றாமல் "பழக்கத்தை மாற்று, வாழ்க்கை மாறும்" என்பது பாவம் அந்தப் பெண் தலையில் இன்னொரு வேலையைத் தூக்கி வைப்பதுதான். தன்மதிப்பு குறைவாக இருப்பதும் அவர் தப்பு, அதைச் சரிசெய்ய வேண்டியதும் அவர் பொறுப்பு. நன்றாக இருக்கிறது நியாயம்.

நிலவன்_கோவை | திங்கள், காலை 7:15

(உளவியல் படித்தவன், கல்லூரி ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன்.)

கயல், உள்ளே "கிழிச்சே" என்று கேட்கிற குரல் உங்களுக்கு மட்டும் இல்லை. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். "நான் அன்புக்குரியவன்" என்பது போன்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்கு அது லேசாக உதவியது. குறைவாக உள்ளவர்கள், சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது மனசு எதிர்க்கேள்வி கேட்காமல் விடாது. யாருக்கு மருந்து தேவையோ அவர்களுக்கே ஒத்துக்கொள்ளாத மருந்து அது.

பாலா சொன்ன 21 நாளுக்கும் ஒரு கதை உண்டு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குப் புது முகம் பழக "குறைந்தது" 21 நாள் ஆகிறது என்பது அவர் கண்ணில் பட்ட விஷயம். அந்தக் "குறைந்தது" வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். சாப்பாட்டோடு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஓட்டம் மாதிரி சின்னப் பழக்கங்கள். தானாக வருகிற நிலைக்கு வர நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 நாள்வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டுவதெல்லாம் கணிப்பு). இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் ஒன்றும் கெடவில்லை.

அப்புறம் ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர். 1977-இல் அவர் எழுதியதன் சாரம்: "என்னால் முடியும்" என்ற எண்ணம் அடுத்தவர் ஊக்குவித்தாலும் வரும், நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தாலும் வரும். ஆனால் நாமே செய்து முடித்துப் பார்த்த அனுபவத்துக்கு இருக்கிற வலு மற்றவற்றுக்கு இல்லை. பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து இதைச் சோதித்தார். முதலில் தூரத்திலிருந்து பார்ப்பது, பிறகு கையுறையோடு தொடுவது, கடைசியில் மடியில் விடுவது. "பாம்பு ஒன்றும் செய்யாது" என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருந்தால் மடிவரை வந்திருக்காது.

அதனால் கயல், சொல்வதை விடுங்கள். செய்து பார்க்கிற மாதிரி ஒன்றைப் பிடியுங்கள். எதை என்பதற்கு என்னைவிட இங்கே இருக்கும் பெண்கள் நல்ல பதில் சொல்வார்கள்.

சந்திரா_திருச்சி | திங்கள், மதியம் 2:20

நிலவன் தம்பி கதவைத் திறந்துவிட்டுவிட்டார், நான் உள்ளே வருகிறேன்.

கயல், எனக்கு ஐம்பத்திமூணு. ஸ்ரீரங்கத்தில் தையல் கடை. நாற்பது தாண்டிய பிறகுதான் ஸ்கூட்டி கற்றுக்கொண்டேன். அதுவரைக்கும் லைனிங் துணி தீர்ந்தால்கூட மகன் காலேஜிலிருந்து வரும்வரை மெஷின் சும்மா கிடக்கும்.

ஓட்டுவது பெரிய விஷயமே இல்லை, கொஞ்ச நாளில் வந்துவிடும். என்னைப் படுத்தியது மெயின் ஸ்டாண்ட். ஓட்டிக்கொண்டு போய் இறங்குவேன், அப்புறம் வாட்ச்மேனையோ யாரோ ஒரு பையனையோ தேடுவேன், "தம்பி, கொஞ்சம் ஸ்டாண்ட் போட்டுத் தர்றியா". வண்டி ஓட்டத் தெரிந்தும் ஆள் தேடுகிற புத்தி போகவில்லை பார்! கடைக்குப் பக்கத்து மெக்கானிக் ஒருநாள் பார்த்துவிட்டு, "கையால தூக்காதீங்கக்கா, தூக்கினா ஆம்பளைக்கே வராது" என்றார். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பின்னால் கிராப் ரெயிலில். வலது காலால் ஸ்டாண்டின் நீட்டலை மிதித்து, அதன் இரண்டு கால்களும் தரையில் படுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு மொத்த உடம்பையும் அந்தக் கால்மேல் இறக்க வேண்டும். வண்டி தானாகப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கை வழிகாட்டுவதற்கு மட்டும்தான். அன்றிலிருந்து சைடு ஸ்டாண்ட் போதும் என்கிற இடத்தில்கூட மெயின் ஸ்டாண்டுதான் போடுவேன். வேண்டுமென்றே, தினமும். சிரிக்காதே, எனக்குத் தன்மதிப்பு வந்த இடம் அதுதான்.

இப்போது உன் விஷயம். மூன்று காரியம் சொல்கிறேன், மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதே.

முதலில் ஆட்டோவை நிறுத்து. உன் வழியில் டவுன் பஸ் போகுமே? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்குக் காசு கிடையாது, கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுத்துவிடுவார். ஆட்டோக்காரர் வரவில்லை என்றால் லீவு என்கிற நிலைமை அதோடு முடிந்தது. பஸ் நேரம் உன் மண்டையில் இருக்கும், இன்னொருத்தர் கையில் இருக்காது.

அடுத்தது, பேங்க் மெசேஜ் யார் போனுக்கு வருகிறது என்று பார். கார்டு எங்கே இருக்கிறது என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம். என் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து வருகிறது. அது வந்ததா இல்லையா என்று அவள் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள், ஏனென்றால் கணக்கில் இருப்பது அவர் நம்பர். பேங்குக்குப் போய் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தாள், வேலை முடிந்தது. இப்போது மெசேஜ் வந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரிடமும் காட்டுகிறாள்.

மூன்றாவது, வண்டி. ஆனால் அதற்கு முன்னால் உனக்கு சைக்கிள் வருமா?

கயல்_மன்னை | திங்கள், இரவு 9:50

அக்கா, சைக்கிள் வரும். பதினொன்றாவதில் கவர்ன்மென்ட் சைக்கிள் கொடுத்தார்கள், இரண்டு வருடம் ஓட்டினேன். காலேஜுக்கு பஸ் என்றானதும் தம்பிக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் தொடவே இல்லை.

புதுகை_தொண்டர் | செவ்வாய், காலை 6:30

சைக்கிள் என்றதும் கை சும்மா இருக்கவில்லை. நான் புதுக்கோட்டை மாவட்டக்காரன், ஓய்வுபெற்ற ஆசிரியர். 1991-92-இல் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். எழுத்தறிவு இயக்கமாகத்தான் அது தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் அந்த இயக்கத்தோடு சேர்த்தார். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களில் சிலரே கேட்டோம். வகுப்பு நடப்பது ராத்திரியில். கற்றுக்கொடுக்க வரும் பெண் தொண்டரை அப்பாவோ அண்ணனோ கொண்டுவந்து விட வேண்டும், திரும்பக் கூட்டிப்போக வேண்டும். அவருக்கு அன்று வேலை இருந்தால் வகுப்பு இல்லை. படிப்பு நடக்கவேண்டும் என்றால் முதலில் அவள் தானாக வரவேண்டும். சம்பந்தம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானங்களைப் பார்த்திருக்க வேண்டும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களையெடுக்கிற பெண், கல் உடைக்கிற பெண், அங்கன்வாடிப் பணியாளர், நர்ஸ், டீச்சர். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள் போன வாரம்தான் கற்றவளாக இருப்பாள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை, அதனால் நடுவில் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். அதுவே பிறகு பலருக்குப் பிடித்துப்போனது, ஏனென்றால் முன்பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம். முன்னே பிள்ளை, பின்னே குடம், நடுவில் அவள். இந்தக் காட்சி எங்கள் ஊரில் ரொம்ப சாதாரணமாகிவிட்டது.

கேலி பேச்சுக்குக் குறைவில்லை. அதை எல்லாம் இங்கே எழுத முடியாது. ஆனால் 1992 மகளிர் தினத்தில் கொடி கட்டிய சைக்கிள்களில் பெண்கள் சாரைசாரையாக வந்தபோது ஊர் வாயடைத்துப் போனது. மாவட்டத்தில் கற்றுக்கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது கணக்கு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் வந்து பார்த்து எழுதினார், அதன் பிறகுதான் வெளி உலகத்துக்குத் தெரிந்தது.

வருமானமும் கூடத்தான் செய்தது. காய்கறியோ வேறு விளைபொருளோ விற்கிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நாலு ஊர் போய்வர முடிந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் பெண்கள் முதலில் பேசியது காசைப் பற்றி இல்லை. "இனிமே பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் விடச் சொல்லி யார்கிட்டயும் நிக்க வேண்டாம் சார்" என்பதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

மறுப்பாளன் | செவ்வாய், காலை 11:10

ஐயா, வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்துச் சிலிர்த்தது. ஆனால் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். அது ஒருத்தியின் காலைப் பழக்கம் இல்லை. கலெக்டர் பின்னால் நின்றார், இயக்கம் நின்றது, ஒரே நேரத்தில் ஊரே இறங்கியது. ஆயிரம் பெண்கள் ஓட்டும்போது யாரைப் பார்த்துக் கேலி செய்வான்? கயலுக்குப் பின்னால் எந்த இயக்கம் நிற்கிறது? தருமபுரியில் 1989-இல் ஆரம்பித்த சுய உதவிக் குழுக்களும் அப்படித்தான், பதினைந்து இருபது பேர் சேர்ந்து பேங்க் படியேறினார்கள். தனியாகப் போயிருந்தால் மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

புதுகை_தொண்டர் | செவ்வாய், இரவு 8:45

நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இயக்கம் மைதானத்தைக் கொடுத்தது, பேச்சை வாங்கிக்கொள்ளத் துணைக்கு ஆள் கொடுத்தது. பேலன்ஸ் கொடுக்க முடியாது தம்பி. அது ஒவ்வொருத்தியும் முட்டி சிராய்த்து வாங்கியது. இயக்கத்தின் சூடு அடங்கிய பிறகு பழையபடி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைத்தவர்களும் உண்டு, தினமும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரே ஊர்வலத்தில்தான் வந்தார்கள். தினம் ஓட்டியவள் வீட்டில், அவள் மகள் ஓட்டுவதா வேண்டாமா என்ற பேச்சே பிறகு எழவில்லை.

குரூப்4_குமார் | புதன், இரவு 12:20

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஆண், இருபத்தெட்டு, சென்னையில் தங்கி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். சுதந்திரத்துக்குக் குறைச்சல் இல்லை, எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை. ஆனால் தன்மதிப்பு என்றால் சுத்தமாக பூஜ்யம். ஊருக்குப் போனால் "ரிசல்ட் என்னாச்சு?" தவிர வேறு கேள்வியே இல்லை. கட்ஆஃப் பக்கத்தில் வந்து நழுவுவதே வழக்கமாகிவிட்டது. சொந்தக்காரர் கல்யாணம் எதற்கும் போவதில்லை. எனக்கு எந்த ஸ்டாண்ட் போட்டால் சரியாகும்?

நிலவன்_கோவை | புதன், காலை 7:40

குமார், 1890-இல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தன்மதிப்பை ஒரு பின்னமாக எழுதினார். மேலே நாம் சாதித்தது, கீழே நாம் ஆசைப்பட்டது. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் சில ஆயிரம் இடம் என்றால், மேலே இருக்கிற எண் உங்கள் கையில் மட்டும் இல்லை. உங்கள் மொத்த மதிப்பையும் அந்த ஒரு பின்னத்தில் வைத்திருக்கிறீர்கள். ரிசல்ட் பட்டியல் வருடத்தில் ஒருநாள் வருவது, மீதி நாளெல்லாம் எதை வைத்து உங்களை அளப்பீர்கள்? முடிவு அன்றைக்கே தெரிகிற ஒரு வேலையைத் தினம் ஒரு மணிநேரம் செய்யுங்கள். டியூஷன் எடுப்பது, சமைப்பது, ஒரு கடையில் கணக்கு எழுதுவது, எதுவானாலும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தன்மதிப்பைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று ஒரு காலத்தில் அரசாங்கமே நம்பியது. கலிபோர்னியாவில் 1986-இல் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலோஸ் முன்கை எடுத்தது. பிள்ளைகளின் தன்மதிப்பை உயர்த்தினால் படிப்பு உயரும், குற்றம் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். பிறகு 2003-இல் ராய் பௌமைஸ்டரும் மற்றவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். தன்மதிப்பு உயர்ந்ததால் மதிப்பெண் உயர்ந்தது என்று சொல்லப் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. நன்றாகச் செய்தவர்களுக்குத் தன்மதிப்பு பின்னால் வந்தது என்பதற்குத்தான் ஓரளவு வாய்ப்பு தெரிந்தது. வண்டி முன்னால், மாடு பின்னால் பூட்டிய கதை.

குரூப்4_குமார் | புதன், காலை 9:05

டியூஷன் எடுத்தால் படிக்கிற நேரம் போய்விடுமே சார்.

சந்திரா_திருச்சி | புதன், காலை 9:30

தம்பி, ராத்திரி 12:20-க்கு இங்கே எழுதிக்கொண்டிருந்தாயே, அந்த நேரத்தை எடு.

குரூப்4_குமார் | புதன், காலை 9:32

😄 சரிக்கா.

கயல்_மன்னை | வெள்ளி, இரவு 10:15

எல்லோருக்கும் நன்றி. தொண்டர் ஐயா எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டேன். மாமியார் "எதுக்கு இந்த வெயில்ல" என்றார், அதோடு சரி. ஆட்டோக்காரர்தான் கோபித்துக்கொண்டார்!

கார்டு விஷயம்தான் தொண்டையில் நிற்கிறது. இத்தனை வருடம் அங்கேயே இருந்துவிட்டு இப்போது கேட்டால், நம்பிக்கை இல்லை என்று சொன்ன மாதிரி ஆகாதா? கார்டு தொலைந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று ஏதாவது சொல்லி வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

மறுப்பாளன் | வெள்ளி, இரவு 10:40

உங்கள் கணக்கு, உங்கள் சம்பளம். எதற்குக் கேட்க வேண்டும்? பீரோவைத் திறந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்திரா_திருச்சி | வெள்ளி, இரவு 11:00

மறுப்பாளன் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

கயல், பொய் வேண்டாம். பொய் சொல்லி வாங்கினால் கார்டு கைக்கு வரும், பயம் அப்படியே இருக்கும். பீரோவைத் திறக்கவும் வேண்டாம், அது வேறு சண்டைக்குப் போகும். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்த பிறகு, மகள் தூங்கின பிறகு, சாதாரணக் குரலில் கேள்: "அத்தை, என் கார்டைக் கொடுங்க, இனிமே நானே வச்சுக்கறேன். மாசச் செலவுக்கு எவ்வளவு வேணும்னு சேர்ந்து உட்கார்ந்து எழுதிக்கலாம்." அவ்வளவுதான். "கோவிச்சுக்காதீங்க", "தப்பா நினைக்காதீங்க" இதெல்லாம் முன்னால் போடாதே. போட்டால் கோவிக்க வேண்டிய விஷயம் என்று நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி. "ஏன்?" என்று கேட்டால், "கணக்கு பார்க்கிறது என் வேலைதானே அத்தை" என்று சொல். அப்புறம் வாயை மூடு. அந்த அமைதியில் நீயாக எதையாவது பேசி நிரப்பாமல் இருப்பதுதான் கஷ்டம்.

செலவைச் சேர்ந்து எழுதுவது முக்கியம். மாமியாருக்கும் பயம் இருக்கும், பிள்ளை வெளியூரில், கையில் காசு இல்லாமல் போய்விடுமோ என்று. அந்தக் காலத்தில் அவர் கையில் யார் காசு கொடுத்திருப்பார்கள்? அந்தப் பீரோ சாவிதான் அவருக்கு வீட்டில் கிடைத்த முதல் அதிகாரமாக இருக்கும்.

நிலவன்_கோவை | சனி, காலை 8:00

அக்கா சொன்னதற்குமேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக இரண்டு வரி.

எல்லா வீடும் கயல் வீடு மாதிரி இல்லை. சம்பளத்தைப் பிடுங்குவது, செலவுக்குக் காசு தராமல் அடக்குவது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது எல்லாம் 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பொருளாதார வன்முறை என்ற பெயரில் வருகிறது. அங்கே நல்ல பழக்கம் பற்றிப் பேசிப் பயனில்லை, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். அதேபோல், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அதைத் தன்மதிப்புக் குறைவு என்று பெயர் வைத்துத் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. குமார், நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாசிட்டிவ்_பாலா | சனி, காலை 8:25

எல்லோரும் என்னை ஒரு வழி பண்ணிவிட்டீர்கள். ஆனாலும் அந்தக் குளிர்ந்த நீர்க் குளியல் எனக்கு ஒத்துக்கொண்டது, அதை விடமாட்டேன்.

மறுப்பாளன் | சனி, காலை 9:10

அதை யாரும் கேட்கவில்லை பாலா, தாராளமாகக் குளியுங்கள்.

கயல், கூட வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர்? அவர்கள் கார்டு எல்லாம் யாரிடம் இருக்கிறது என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டில் கேட்டுப் பாருங்கள். நான் அமைப்பு அமைப்பு என்று கத்துவது இதற்காகத்தான். அதற்குக் கலெக்டர் வர வேண்டும் என்றில்லை.

கயல்_மன்னை | (சில வாரம் கழித்து) வியாழன், இரவு 9:30

கேட்டுவிட்டேன். அக்கா சொன்னபடியே சொன்னேன், "ஏன்?" என்ற கேள்விகூட வரவில்லை. "நானே கொடுத்துடணும்னு இருந்தேன், அதோட நம்பரு எனக்கு ஞாபகமே இருக்கிறதில்ல" என்றார். பிறகு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வேறு விஷயம். மாசச் செலவு நோட்டை இப்போது அவர்தான் எழுதுகிறார். என் கையெழுத்து புரியவில்லையாம்.

மறுப்பாளன் அண்ணா, அத்தையிடம் கார்டு வாங்குவதற்கு முன்பே சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஏழு பெண்கள், கார்டு தன்னிடம் இருந்தது இரண்டு பேருக்கு. அதில் ஒருவர் எங்கள் ஆயாம்மா. எம்.காம்., பி.எட். எல்லாம் மற்ற ஐந்து பேரில் இருந்தோம். ஆயாம்மா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மேலதிகாரி "சரிதானா?" என்று கேட்பது நிற்கவில்லை. மூன்று தடவை கூட்டுவது ஒரு தடவையாகியிருக்கிறது. "சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் போன பிறகு அந்த ஒரு தடவை கூட்டுகிறேன்!

எல்எல்ஆர் போட ஆன்லைனில் பதிந்திருக்கிறேன். சாலைக் குறியீடு எல்லாம் மகள்தான் கேள்வி கேட்டுப் படிக்க வைக்கிறாள்.

புதுகை_தொண்டர் | வியாழன், இரவு 10:00

ரொம்ப சந்தோஷம் அம்மா. சைக்கிள் ஓட்டியவர்களுக்கு பேலன்ஸ் மறக்காது, ஆக்சிலேட்டரை மட்டும் பதற்றத்தில் முறுக்காமல் இருந்தால் போதும்.

செல்வி_அறந்தாங்கி | வெள்ளி, காலை 10:20

மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், அவன்தான் தட்டச்சு செய்து கொடுக்கிறான். எனக்கு ஐம்பது. அறிவொளி காலத்தில் சின்னப் பெண், அப்பா மைதானத்துக்கு விடவில்லை. இப்போது ஸ்கூட்டி பழகலாம் என்றிருக்கிறேன். கண்ணாடி போட்டிருக்கிறேன், லைசென்ஸ் கொடுப்பார்களா? இந்த வயதில் எட்டுப் போடச் சொல்வார்களாமே, உண்மையா?

சந்திரா_திருச்சி | வெள்ளி, காலை 11:45

வா செல்வி. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்வை சரியாக இருந்தால் தாராளமாகக் கொடுப்பார்கள். நாற்பது தாண்டிவிட்டதால் உனக்கு மட்டும் டாக்டரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்க வேண்டும், கயலுக்கு அது தேவையில்லை. எல்எல்ஆர் வந்து முப்பது நாள் ஆன பிறகுதான் ஓட்டிக் காட்டக் கூப்பிடுவார்கள், ஆறு மாதத்துக்குள் முடித்துவிடு. எட்டு உண்மைதான். சாக்பீஸால் தரையில் பெரிதாக வரைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே அதன்மேல் முதலில் நடந்து பழகு. ஓட்டும்போது முன் சக்கரத்தைப் பார்க்காதே, திரும்பப்போகிற இடத்தைப் பார். காலை ஊன்றினால் மட்டும் திரும்ப வரச் சொல்வார்கள். வரச் சொன்னால் போய்க்கொள்ளலாம், என்னையும் வரச் சொன்னார்கள்.